எஸ்.எஸ்.எல்.சி. பெயில்

யாருக்கு யாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்பதை அக்கா உறையைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவார். தபால்காரர் மணியடித்ததும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போவார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவார்.

"நர்ஸு, உங்கம்மா. ட்ரெஷரி, உங்க வீட்டுக்காரரு. இந்தத் தடவ பக்கம் ஜாஸ்தி போல, கனமா கீது. டைப்பிஸ்டு, உங்கப்பா."

டைப்பிஸ்ட் என்பது நான். எங்களில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்ஸ், ட்ரெஷரி, அக்ரி என்று பார்க்கும் வேலைதான் பெயர். எங்களுக்கும் அவர் பெயர் தேவைப்படவில்லை. அக்கா, அவ்வளவுதான்.

அது தொண்ணூறாம் வருடம். மாவட்டம் பிரிந்த புதிது. மாற்றலாகியும் புதிதாக வேலை கிடைத்தும் திருவண்ணாமலைக்கு வந்த பெண்களுக்குத் தங்க இடமில்லை. கோயிலைச் சுற்றி லாட்ஜுகள் இருந்தன. ஆனால் தனியாக ஒரு பெண் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்க முடியுமா? வேங்கிக்கால் பக்கம் வயலை மனையாக்கிக் கட்டிய புது வீடு ஒன்றை அதன் சொந்தக்காரர் எங்களைப் போன்றவர்களுக்காக ஹாஸ்டலாக மாற்றினார். ஏழு பேர் இருந்தோம். வீட்டுக்காரர் வேலூரில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து போவார். சமைக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ள, எங்களைக் கண்காணிக்க என்று மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே ஆளாக அக்காவை வைத்திருந்தார்.

"வயசுப் பொண்ணுங்க இருக்கற இடம், படிச்ச பொம்பளையா இருக்கணும்" என்பது அவர் போட்ட நிபந்தனையாம். அக்கா தன்னை எஸ்.எஸ்.எல்.சி. பெயில் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். பாஸ் என்று சொல்லியிருந்தால் சான்றிதழ் கேட்டிருப்பார்கள். பெயில் என்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. தோற்றுப்போனேன் என்று யாராவது பொய் சொல்வார்களா? இந்தச் சாமர்த்தியம் எனக்குப் புரிவதற்கு ஒரு வருடம் ஆனது.

அக்காவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அதை எப்படியெல்லாம் மறைத்தார் என்பதை இப்போது அடுக்கிச் சொல்ல முடிகிறது. அப்போது எதுவுமே கண்ணில் படவில்லை. தினமும் காலையில் சாம்பார் கொதிக்கும் நேரத்தில் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். பக்கம் பக்கமாகத் திருப்புவார். ஒரு பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார், உச்சுக்கொட்டுவார். நாங்கள் நாஷ்டாவுக்கு உட்கார்ந்ததும், "மேட்டூர்ல தண்ணி ஏறுதாம். நம்மளுக்குத்தான் சொட்டு மழ இல்ல" என்பார். செய்தி சரியாகவே இருக்கும். அதை அவர் சமையலறை ரேடியோவில் விடிகாலையிலேயே கேட்டிருப்பார். ரேடியோவில் கேட்டதைப் பேப்பரில் படித்ததாகச் சொல்வதற்குத்தான் அந்தக் கால்மணி நேரம் வாசல்படி.

எங்களைப் பார்க்க வருபவர்களின் பெயரை எழுத ஒரு நோட்டு இருந்தது. அதை வருபவரிடமே நீட்டிவிடுவார். "உங்க கையெழுத்துலயே இருக்கட்டுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான் எழுதினேன்னு ஆயிடக்கூடாது பாருங்க." கேட்பவருக்கு எவ்வளவு கறாரான வார்டன் என்று தோன்றும். பஸ் ஸ்டாண்டில், "இது எங்க போவுது?" என்று ஒருநாளும் கேட்க மாட்டார். "கீழ்பென்னாத்தூருக்கு எப்பங்க எடுப்பீங்க?" என்று கண்டக்டரிடம் அதட்டலாகக் கேட்பார். வேறு பஸ்ஸாக இருந்தால் அவரே, "இது அது இல்லம்மா, அந்தாண்ட நிக்குது" என்று கைகாட்டிவிடுவார்.

கடிதங்களை ஆள்வாரியாகப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான காரியம். அதை அவர் கண்ணாலேயே சாதித்தார். நர்ஸின் அம்மா எழுத்துகளைச் சரித்துச் சரித்து எழுதுவார். ட்ரெஷரியின் கணவர் பச்சை மை. என் அப்பா முகவரியின் கடைசியில் ஊர்ப் பெயருக்கு அடியில் அழுத்தி இரண்டு கோடு போடுவார். எங்கள் ஏழு பேர் வீட்டுக் கையெழுத்துகளையும் அவர் முகங்களைப் போல அடையாளம் வைத்திருந்தார். டைப் அடித்த உறைகளைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவை எல்லாமே ஒரே முகம். அதற்கும் ஒரு சட்டம் போட்டார்: "ஆபீஸ் கடுதாசியெல்லாம் நான் தொடமாட்டேன். சாப்பாட்டு மேசை மேல வச்சிடுவேன். அவங்கவங்களே எடுத்துக்கோங்க." அரசாங்கக் காகிதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு துண்டுச்சீட்டால். ஒருநாள் காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்தார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. 'இன்று இரவு எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்று எழுதி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பியபோது எனக்கான சாதத்தை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சீட்டு டம்ளருக்கு அடியில் வைத்தபடியே மடிப்பு மாறாமல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லிட்டுப் போவாம, இன்னா எனக்கு மனு எழுதிப் போடற? நான் இன்னா கலெக்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு கணம் ஓடி மறைந்த பயம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அதை அப்போது என்னுடைய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாமல் இருக்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு வருகிறேன்.

தன்னுடைய வேஷத்தைக் காப்பாற்றிக்கொள்பவர்கள் பொதுவாக அடுத்தவர் வேஷத்தைக் கிழிப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். எங்கள் ஆபீஸில் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். அக்கா அப்படியில்லை. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் கண்டுகொண்டதைக் காட்டிக்கொள்ள மாட்டார்.

கொல்லையில் பம்ப்செட் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. ஒருநாள் இலை பறிக்கப் போன அக்ரி, "ச்சீ, காக்கா எச்சம்" என்று கையை இழுத்துக்கொண்டாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எச்சம் இல்லடி, புழு" என்றார். குனிந்து பார்த்தால் உண்மைதான். கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, அச்சு அசலாகப் பறவை எச்சம்போலவே ஒரு புழு இலைமேல் சுருண்டிருந்தது. விவசாயத்துறையில் வேலை செய்கிற அக்ரிக்கே முதலில் தெரியவில்லை. அவமானமாகிவிட்டதோ என்னவோ, "செடிய மொட்டையடிச்சிடும்க்கா, நசுக்கிடறேன்" என்று குச்சியைத் தேடினாள்.

"பாவம், வுடு. குருவி கொத்திக்கினு போயிடப் போவுதுன்னு பயந்து பீ மாதிரி வேஷம் கட்டிக்கினு உக்காந்து கீது. எந்த உசுராவது ஆசப்பட்டு அப்படி உக்காருமா? பாக்காத மாதிரி வந்துடு."

அந்த வருடம் தீபத்தின்போது உடம்பெல்லாம் நீலம் பூசி, சடைமுடி, புலித்தோல் துணி, ரப்பர் பாம்பு சகிதம் சிவன் வேஷம் போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். நர்ஸ் என் காதில், "இவரு நேத்து எங்க ஓ.பி.யில வயித்துவலின்னு டோக்கன் வாங்கிட்டு நின்னாரு" என்று சொல்லிச் சிரிப்பை அடக்கினாள். அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. சிரிக்கக்கூடாது என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு, முறத்தில் அரிசி எடுத்துவந்து, "வாங்க சாமி" என்று கும்பிட்டுப் போட்டார். விபூதி வாங்கிக்கொண்டார். அவர் போனதும் நர்ஸிடம், "ஆஸ்பத்திரிக்கு வந்தா நோயாளி. இங்க வந்தா சாமி. அங்க பாத்தத இங்க ஏன் எடுத்துக்கினு வர்ற?" என்றார்.

இனி என் விஷயம். இப்போது என் கணவராக இருப்பவர் அப்போது விழுப்புரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். டைப்ரைட்டிங் பரீட்சையின்போது பழக்கம். வேறு ஜாதி. வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்லி ஊருக்கு இழுத்துப் போய்விடுவார்கள். முதல்முறை ஹாஸ்டலுக்கு வந்தபோது அவரை அத்தை பையன் என்று அக்காவிடம் அறிமுகப்படுத்தினேன். அக்கா நோட்டை நீட்டினார், காபி கொடுத்தார், ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார். அவர் போனதும் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"உங்க அத்த பையன் செருப்ப ஜோடி சேத்து சுவரோரமா வச்சிட்டு உள்ள வந்தான். சொந்தக்காரன் எவன்டி அப்படி வைப்பான்? அடுத்த தடவ வந்தா கொஞ்சம் உரிமையா உதறிட்டு வரச் சொல்லு. மத்தவளுங்க பாத்துக்கினே இருக்காளுங்க."

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை; ஆனால் அன்றிலிருந்து என் பொய்யைப் பராமரிக்கும் வேலையையும் தன் வேலைகளோடு சேர்த்துக்கொண்டார். என் அண்ணன் போளூர் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திடீரென்று வருவார். நான் இல்லாவிட்டால் கோயிலுக்குப் போயிருக்கிறேன் என்றோ ஆபீஸில் ஆடிட் என்றோ அக்கா சொல்வார். சொன்னதை நான் கேட்டுக்குள் நுழையும்போதே காதில் போட்டுவிடுவார். அவர் ரகசியம் என்னிடம், என் ரகசியம் அவரிடம். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

கடித உறைகளை டைப் அடிக்கலாம் என்பது என் யோசனை. ஆண் கையெழுத்தில் அடிக்கடி உறை வந்தால் மற்ற பெண்கள் பேசுவார்கள். டைப் அடித்திருந்தால் ஆபீஸ் கடிதம் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவால் அதை அடையாளம் காண முடியாது, மேசைமேல் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். நானே முதலில் வந்து எடுத்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். ஐந்தாறு மாதம் அப்படித்தான் நடந்தது.

அன்று சனிக்கிழமை, விடுமுறை. கோயிலுக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, போன தடவையே பேசிவைத்திருந்தபடி விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் பார்க்கப் போனேன். கிரிவலப் பாதையில் ஆளில்லாத பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். மதியத் தபாலில் அவர் புதன்கிழமை போட்ட கடிதம் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தது. 'பேசியபடி சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வருகிறேன்' என்று சொல்லும் கடிதம் அது. டைப் அடித்த உறை. பின்பக்கத்தில் அனுப்புநர் என்று அவர் பெயரும் சங்கத்தின் பெயரும். அக்கா வழக்கம்போல மேசைமேல் வைத்திருக்கிறார். சிறிது நேரத்தில் என் அண்ணன் வந்திருக்கிறார்.

நடந்ததை நர்ஸ் பிறகு எனக்குச் சொன்னாள். அண்ணனை அக்கா மேசையருகில் உட்காரவைத்து காபி கொடுத்திருக்கிறார். "தங்கமான பொண்ணுங்க. ஆபீஸு, கோயிலு, ரூமு. உங்க வீட்டுக் கடுதாசி தவிர அவளுக்கு வேற ஒரு கடுதாசி வராதுங்க." இதைச் சொல்லும்போது அந்த உறை காபி டம்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது, என் பெயர் மேலே தெரியும்படி. அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிழித்தபோதுகூட அக்கா, "அது ஏதோ ஆபீஸ் கடுதாசிங்க, பிரிக்காதீங்க" என்றுதான் சொன்னாராம்.

நான் நாலு மணிக்குத் திரும்பினேன். தலையில் பூ, கையில் கடையில் வாங்கிய குங்குமப் பொட்டலம், கோயிலுக்குப் போய்வந்ததற்குச் சாட்சியாக. கேட்டருகே அக்கா நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் வெளியே வந்துவிட்டார்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் கடிதத்தை என் முகத்தில் வீசினார். கன்னத்தில் அறைந்தார். அது வலித்ததாக நினைவில்லை. ஆறு பெண்களும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வலித்தது. பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்கள நம்பித்தானே வுட்டுட்டுப் போறோம்? கடுதாசியே வராதுன்னு கண்ணெதிர்ல வச்சிகினே சொல்றீங்களே, நீங்களும் கூட்டா?"

"எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றார் அக்கா.

அந்த நேரத்தில் எனக்கு அக்காமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உறையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கக் கூடாதா? கையில் எடுத்துப் போய் சமையலறையில் போட்டிருக்கக் கூடாதா? எழுத்து தெரியாமல் ஒரு மனுஷி வார்டன் வேலைக்கு வந்து என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாளே. கோபம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். எல்லோர் கண்ணும் என்மேல் இருந்தது. அதை வேறு யார்மேலாவது திருப்ப வேண்டும் என்று இருந்தது.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்குப் படிக்கவே தெரியாது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னாடி சொல்ற?" என்றார் மெதுவாக. நிறுத்திக்கொள் என்று அவர் கெஞ்சுவது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நான் நிறுத்தவில்லை. அலமாரிமேல் இருந்த அன்றைய பேப்பரை எடுத்தேன். ஒரு பக்கத்தைப் பிரித்து மடித்து அவர் கையில் திணித்தேன்.

"எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொன்னீங்களே. படிங்க. ரெண்டே ரெண்டு வரி படிங்க, போதும்."

ட்ரெஷரி, "ஏய், இன்னா பண்ற நீ?" என்று என் தோளைப் பிடித்தாள். உதறினேன்.

அக்கா இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். "காவிரி நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் மழையால் மேட்டூர் அணைக்கு வரும் நீரின் அளவு அதிகரித்துள்ளது. தென் மாவட்டங்களில் அடுத்த இரண்டு நாட்களுக்கு..." ஒரு சொல் தடுக்கவில்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் அதே நிறுத்தம், அதே ஏற்ற இறக்கம். கண்கள் வரிக்கு வரி நகர்ந்தன. அண்ணன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நர்ஸ் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது.

அங்கே நான் வாயை மூடியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"அது மணமகள் தேவை பக்கம்க்கா" என்றேன்.

படம் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்திருந்தேன். கோபத்தில் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கோபத்தில் இருப்பவள் படம் இல்லாத பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டாள்.

அக்கா இன்னும் இரண்டு மூன்று சொற்களைச் சொன்னார். குரல் தேய்ந்தது. பேப்பரை நான் கொடுத்த மடிப்பிலேயே மறுபடி மடித்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பால் அடுப்புல கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் பால் எதுவும் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ட்ரெஷரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ பண்ண தப்புக்கு அந்தப் பொம்பளைய ஏன்டி அம்மணமாக்கின? அவங்க உனக்காகத்தானே பொய் சொன்னாங்க?" என்று என் அண்ணன் எதிரிலேயே கத்தினாள். அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அண்ணன் என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. என் சம்பளம் வீட்டுக்குத் தேவையாக இருந்தது. மிரட்டிவிட்டுப் போனார், போகிற வழியில் வேலூரில் இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டார்.

அதன்பின் அக்கா ஒன்பது நாள் இருந்தார். சமைத்தார், பரிமாறினார். என் தட்டில் எப்போதும் போடும் அளவுதான் போட்டார். காலைப் பேப்பர் வாசலில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. தபால் வந்தால் கட்டை அப்படியே வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஒருநாள் நர்ஸ் அவரிடம் ஓர் உறையை நீட்டி, "எங்கம்மா கடுதாசியாக்கா இது?" என்று பழையபடி பேச்செடுத்துப் பார்த்தாள். "எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்றார் அக்கா. அந்தக் குரலில் மட்டும் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்பது நாளும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சமையலறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். வீட்டுக்காரர் வந்தார். "படிச்சவங்கன்னு சொன்னீங்களேம்மா" என்று மட்டும் கேட்டாராம். கோபித்துக்கொள்ளக்கூட இல்லையாம். மறுநாள் காலையில் அக்கா கிளம்புவதாகப் பேச்சு. நான் ஆறு மணிக்கே எழுந்து, ஆபீஸ் திறக்காத நேரத்தில் ஆபீஸுக்குப் போய்விட்டேன். பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். வாட்ச்மேன் இரண்டு தடவை, "இன்னா மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இவ்வளவுக்கும் அந்தக் கடிதத்தால் எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. இரண்டு வருடத்தில் வீடு இறங்கிவந்தது. அறைந்த அண்ணனே முன்னால் நின்று பந்தல் போட்டார். மகள் பிறந்தாள். பதவி உயர்வு வந்தது. அக்கா எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் தங்கை வீடு இருக்கிறது என்று அவர் முன்பு சொன்னது தெரியும். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பதினைந்து வருடத்தில் ஒருநாள் போயிருக்க முடியாதா?

போனேன், ஆனால் அவரைப் பார்க்க அல்ல. என்னோடு வேலை செய்தவர் மகனுக்கு அங்கே கல்யாணம். மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பந்தியில் பாயசத்தைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு கழுவப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தேடிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனேன். ஸ்டோர் ரூம் வாசலில் ஒரு வயதான அம்மாள் முக்காலியில் உட்கார்ந்து என் மகளின் பாவாடை விளிம்பைப் பக்கெட் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். சமையல்காரர்களுக்குச் சாமான் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு அவருடையது போலிருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து. முடி முழுக்க வெளுத்திருந்தது.

என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"டைப்பிஸ்டு! இது உன் பொண்ணா? அதான் மூஞ்சிய எங்கியோ பாத்தாப்பல கீதேன்னு நெனச்சேன்."

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, தெரியவில்லை.

"எங்கம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

"உங்கம்மா ஹாஸ்டலுக்கு நான்தாம்மா வார்டன். எழுதப் படிக்கத் தெரியாத வார்டன்" என்று அவர் சிரித்தார். இதை இவ்வளவு சுலபமாக அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

"படிக்கத் தெரியாமலா? யாரும் கண்டுபிடிக்கலையா?"

"கண்டுபுடிச்சா ஒரு பொண்ணு. எல்லாரும் இருக்க சொல்லோ பேப்பர என் கையில குடுத்து, படின்னுட்டா."

"ஐயோ. யாரு அது?"

மாவரைக்கும் கிரைண்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா பாவாடை விளிம்பைப் பிழிந்து உதறினார். என்னைப் பார்க்கவில்லை.

"யாரோ ஒரு பொண்ணு. கொஞ்ச நாள்தான் இருந்தா, பேர்கூட மறந்துட்டேன். அன்னிக்கு உங்கம்மாதான் எனக்காக அவகிட்ட மல்லுக்கு நின்னா. இன்னா சண்ட போட்டா தெரியுமா? அவங்கள ஏன்டி அம்மணமாக்கினன்னு கேட்டா. நான் உள்ளே நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

மகள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான், "அக்கா..." என்று ஆரம்பித்தேன். அவர் சட்டென்று எழுந்துகொண்டார்.

"ஈரம் காயட்டும், கொஞ்ச நேரம் வெயில்ல நில்லு கண்ணு. டைப்பிஸ்டு, நீ சாப்டியா? மூணாவது பந்தி போடறாங்க, போ போ. லட்டு தீர்ந்துடப் போவுது." சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டார்.

அவர் பின்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் மூன்றாவது பந்தியில் போய் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்காராமல் என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ண நல்லாத் திட்டினியாம்மா?"

"ம்" என்றேன்.

"அப்புறம் அவ சாரி கேட்டாளா?"

"இல்ல. கேக்கல."

"ச்சே, என்ன பொண்ணு" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருவண்ணாமலை வரும்வரை விடவே இல்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.